கோபுரத்தடி ரோஜாப் பாத்தி

டோரீன் பாகட்டைப் பற்றி யாராவது என்னிடம் வந்து "பாவம், நல்ல மனுஷி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுஷிதான், யார் இல்லையென்றது? வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டு, மூட வேண்டிய இடத்தில் திறந்த நல்ல மனுஷி. அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது என்பதை நான் கூடவே நின்று பார்த்தேன்.

என் பெயர் அவ்ரில். ஆல்டன்ஹோப் மாளிகையின் பழைய குதிரை லாயத்தை இப்போது தேநீர்க்கடையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுடுவதும் கேக் வெட்டுவதும் என் வேலை. டோரீன் எனக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூடத்திலும் அடுத்த பெஞ்சு. அப்போதே அப்படித்தான். ஒருமுறை டீச்சர் இவளுக்குப் பரிசுப் புத்தகம் கொடுக்க மறந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் கையில் புத்தகத்தோடு வீட்டுக்குப் போக, இவள் வெறுங்கையோடு "பரவாயில்லை டீச்சர்" என்று சிரித்துவிட்டு வந்தாள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தவளுக்கு என் கைக்குட்டைதான் போனது.

வளர்ந்த பிறகு அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறும் வேலைக்குப் போனாள். புருஷன் க்ளிஃப், பால் லாரி ஓட்டுபவன். பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது நகராட்சி வாடகைக்குக் கொடுத்த கவுன்சில் வீடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இருவரும் ஊரில் உள்ள பிரபுக்களின் வீட்டையெல்லாம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கோட்டை, மடாலம், மாளிகை, இடிந்த சுவர், எதையும் விடமாட்டார்கள். காரின் முன்கண்ணாடியில், இந்த இடங்களையெல்லாம் பராமரிக்கும் அறக்கட்டளையின் உறுப்பினர் ஸ்டிக்கர். பின் இருக்கையில் பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் முட்டை சாண்ட்விச். எத்தனை மழை பெய்தாலும் காருக்குள்ளேயே, கண்ணாடியில் ஆவி படிய உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் கடைக்குள் கணப்பு எரிந்துகொண்டிருக்கும், வரமாட்டார்கள். ஒருநாள் நான் குடையோடு போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"ஏன் க்ளிஃப், நாலு எட்டு வச்சா உள்ள சூடா டீ குடிக்கலாமே?"

"உன் டீயக் குடிச்சிட்டு அப்புறம் நான் வண்டி ஓட்ட வேணாமா, அவ்ரில்?" என்றான். டோரீன் அவன் தொடையில் ஒரு அடி போட்டாள். சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

க்ளிஃபுக்கு ஒரு பழக்கம். அறிவிப்புப் பலகை எங்கே இருந்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசிப்பான். பின்னால் வருகிறவர்கள் காத்துக்கிடக்க வேண்டும். மாளிகைக்குள் வழிகாட்டி யாராவது கட்டிலைக் காட்டி, இதில் ராஜா ஒரு ராத்திரி தங்கினார் என்றால் போதும். "இங்கிலாந்துல ராஜா படுக்காத கட்டில் ஒண்ணு இருந்தா அதைக் காட்டுங்க, அதுதான் அதிசயம்" என்பான். டோரீன் அவன் சட்டையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துப் போவாள். அந்த வழிகாட்டியிடம் அவன் சார்பில் மன்னிப்பும் கேட்டுவிடுவாள்.

எத்தனை ஊர் சுற்றினாலும் அவனுக்குப் பிடித்தது எங்கள் ஆல்டன்ஹோப்தான். மாளிகையில்லை, தோட்டத்தின் கோடியில் நிற்கும், பழைய கோட்டையின் உடைந்த கோபுரம். ராஜா காலத்து உள்நாட்டுப் போரில் பீரங்கிக்குண்டு பட்டுக் கூரை போனது. அதன் தெற்குச் சுவரடியில் வெள்ளை ரோஜாப் பாத்தி ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்து அந்தப் பாத்தி ஓரக் கட்டையில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக் காலை நீட்டிக்கொள்வான். டோரீனிடம் அவன் அடிக்கடி சொன்னது இதுதான். "நான் போயிட்டா என்னை இங்க போட்டுரு. டிக்கெட் இல்லாம நாள் பூரா உட்கார்ந்திருப்பேன்."

போயும் விட்டான். ஏப்ரல் மாதம் ஒரு காலையில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயைக் கையில் பிடித்தபடியே விழுந்தான். மயானத்தில் எரித்து, சாம்பலை ஒரு பச்சை பிளாஸ்டிக் ஜாடியில் போட்டுக் கொடுத்தார்கள். டோரீன் அதைச் சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அப்புறம் ஒருநாள் ஜாடியைக் காணவில்லை. கேட்டேன். "ஒரு நல்ல இடமாப் பாத்துத் தூவிட்டேன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. அவள் அதைச் சொன்னது நாலு வருஷம் கழித்து. ஆனால் கதை குழம்பாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன்.

க்ளிஃபின் சாம்பலை டீ பிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக ஆல்டன்ஹோப்புக்குள் வந்திருக்கிறாள். கோபுரத்தடிக்குப் போய், அவன் உட்காரும் கட்டையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கொட்டுவது போல் மூலை ரோஜாச்செடியின் வேரில் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். மற்றவர்கள் நடந்துகொண்டே தூவுவார்கள். இவளுக்கு அவனைப் பிய்த்துப் பிய்த்துப் போட மனசு வரவில்லை. ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஒரே குவியலாக வைத்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வந்தாள்.

அனுமதி கேட்கலாமே என்றால், கேட்கவில்லை. கேட்டு, அவர்கள் மாட்டேன் என்றுவிட்டால்? அதைவிடப் பெரிய பயம், கேட்டு அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டால்? எங்கள் ஜனங்களுக்கு இது பிறவி வியாதி. பஸ்ஸில் ஒருத்தன் நம் காலை மிதித்தால் மிதிபட்ட நாம்தான் மன்னிப்புக் கேட்போம். ஓட்டலில் கல் மாதிரி இறைச்சி கொண்டுவந்து வைத்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கா?" என்றால், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, காரில் ஏறிய பிறகு வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போவோம். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. செத்தாலும் தொந்தரவில்லாமல் சாக வேண்டும். இதைப் பண்பு என்று எங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், நாசமாய்ப் போக.

அந்தக் கோடையிலேயே டோரீன் மாளிகையில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். நெஞ்சில் பெயர் அட்டை. வியாழனும் ஞாயிறும் மஞ்சள் கூடத்தில் காவல். பழைய நாற்காலிகளில் யாரும் உட்காராமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த முட்செடிப் பூ ஒன்று வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதை வைப்பதும் சாயங்காலம் எடுப்பதும் அவள்தான். மத்தியானம் சாண்ட்விச் டப்பாவை எடுத்துக்கொண்டு கோபுரத்தடிக்குப் போவாள். அங்கே தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தோட்டக்காரன் கெல்வின் என்னிடம் சொன்னான். செடிகளோடு பேசுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். தோட்டக்காரனுக்கு அது பெரிய விஷயமில்லை.

சேர்ந்த வேகத்தில் அவள் எங்கள் எல்லாரையும்விடக் கறாராகிவிட்டாள். திருடனைக் காவலுக்கு வைத்தால் அவன்தான் நன்றாகக் காவல் காப்பான். அடுத்த வருஷம் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கையில் துணிப்பையோடு கோபுர மேட்டில் நின்றாள். பைக்குள் பச்சை ஜாடி. டோரீன் போய்ப் பிடித்துவிட்டாள். பிடித்ததோடு நிற்காமல் தேநீர்க்கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"அவ அம்மாவோடதாம். 'இங்கல்லாம் போடக்கூடாது கண்ணு, தடை'ன்னு சொல்லிட்டேன். அழுதா. ஆனா சட்டம் சட்டம்தானே?"

"ஒரு பிடி சாம்பல்டி. கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாதா?" என்றேன்.

"எல்லாரும் கொண்டுவந்து கொட்டினா இது சுடுகாடாயிடும், அவ்ரில்."

அப்படி ஒரு தடை இருப்பதாக அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தான் கேட்காமல் செய்ததால் அது தடையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம். அவள் புருஷன் மட்டும் ரோஜாவுக்கடியில் சுகமாக இருக்கிறான்.

மூன்றாவது வருஷம் அந்த மூலைச்செடி மஞ்சளடித்தது. இலை கருகி உதிர்ந்தது. டோரீன் வீட்டிலிருந்து மக்கிய எரு கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். எதற்கும் பிழைக்காது போலிருக்கிறதே என்று கெல்வினிடமும் சாடைமாடையாக விசாரித்தாள். அவன் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினான்.

"உப்பு ஏறிக்கிடக்கு. எவனோ இங்க எதையோ கொட்டியிருக்கான். கட்டட வேலைக்காரப் பயலா இருக்கும், சுண்ணாம்பு வாளியக் கழுவி ஊத்தியிருப்பான்."

மூலைச்செடி செத்தது. மறு வருஷம் அதன் பக்கத்தில் இரண்டும் செத்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவியிருந்தால் மண் தாங்கியிருக்குமாம். ஒரே குவியலாக வைத்ததுதான் வினை.

இந்த நேரத்தில்தான் புது மேலாளர் வந்தாள், இமோஜென் என்று. சின்ன வயது, கெட்டிக்காரி, யாரையும் கடிந்து பேசமாட்டாள். தோட்டத்தைக் கோட்டை இடிபடுவதற்கு முன் இருந்த மாதிரியே மாற்ற வேண்டும் என்று அறக்கட்டளைக்கு வெகுநாள் ஆசை. அந்தக் காலத்தில் கோபுரத்தடியில் ரோஜா கிடையாது. கத்தரித்த குட்டைச் செடிவேலியும் சரளைக்கல் பாதையும்தான். ரோஜாவை வைத்தது மாளிகையில் கடைசியாக இருந்த சீமாட்டி, உலகப்போருக்குப் பிறகு. இவ்வளவு நாள் கெல்வின்தான் குறுக்கே நின்றான். இத்தனை நல்ல செடியைப் பிடுங்க என் கை வராது என்று சொல்லிவிட்டான். இப்போது செடி சாகிறது. அவனே போய், மண் கெட்டுவிட்டது, மொத்தத்தையும் அள்ளிவிடலாம் என்று சொல்லிவிட்டான். க்ளிஃபை க்ளிஃபே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அன்று டோரீன் என் கடையின் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மாவுக் கையோடு நான் நிற்க, எல்லாவற்றையும் சொன்னாள். நான் முதலில் கேட்டது இதுதான்.

"எந்த பிளாஸ்க்டி?"

"நீல பிளாஸ்க்."

"எனக்குச் சளி பிடிச்சப்ப சூப் கொண்டு வந்தியே, அதுவா?"

"கழுவிட்டேன்டி."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கும்போதே அழவும் ஆரம்பித்துவிட்டாள். "அவரை அள்ளிட்டுப் போயிடுவாங்க, அவ்ரில். அவர் அங்க இருக்காருன்னுதான் நான் காலைல எந்திரிக்கிறேன்" என்றாள்.

"போய் இமோஜென்கிட்ட சொல்லு. அவ ஒண்ணும் முழுங்கிட மாட்டா. அள்ளறதுக்கு முன்னாடி அந்த மூலை மண்ணை மட்டும் எடுத்துக்கறேன்னு கேளு."

"எப்படிக் கேப்பேன்? அந்த வுல்வர்ஹாம்ப்டன் பொண்ணை நான் விரட்டினது எல்லாருக்கும் தெரியும். என் மூஞ்சியப் பாத்து என்ன நினைப்பாங்க?"

"நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் வேணா சொல்லட்டுமா?"

"நீ வாயத் திறந்தா, ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானே வந்து சொல்கிறேன், கூட்டத்தில் சொல்கிறேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

தன்னார்வலர் கூட்டம் பெரிய கூடத்தில் நடந்தது. டீயும் பிஸ்கெட்டும் நான்தான் கொண்டுபோனேன். இமோஜென் திரையில் படம் காட்டினாள், புதுத் தோட்டம் எப்படி இருக்கும் என்று. காட்டி முடித்து, "யாருக்காவது ஏதாவது தோணுச்சுன்னா தயங்காமச் சொல்லுங்க. நிஜமாவே கேக்கறேன்" என்றாள். டோரீன் எழுந்தாள். நான் டீ ஊற்றுவதை நிறுத்தினேன்.

"தேனீங்க," என்றாள். "அந்த ரோஜாவுக்கு நிறைய தேனீ வரும்."

"நல்ல விஷயம் சொன்னீங்க டோரீன். அதுக்காகத்தான் ஓரமா லாவெண்டர் வைக்கிறோம்."

"பாக்க வர்றவங்களுக்கும் ரோஜான்னா பிடிக்கும்."

"நமக்கெல்லாம் பிடிக்கும். ஆனா அது செத்துக்கிட்டிருக்கே. உங்களுக்கு அந்த இடத்துல வேற ஏதாவது..."

இமோஜென் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். டோரீன் மென்று முழுங்கினாள். "இல்ல இல்ல. அழகாத்தான் இருக்கும். ரொம்ப நல்ல யோசனை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றேன். "எல்லாரும் பாத்துட்டிருந்தாங்கடி" என்றாள்.

சரி, திருட்டுத்தனமாகவாவது ஒரு வாளி மண்ணை எடுத்து வந்துவிடு என்றேன். போனாள். வாளியும் கரண்டியுமாகப் பாத்தியை நெருங்கினால், சுற்றிக் கயிறு கட்டி ஆப்பு அடித்திருக்கிறார்கள். தோண்டி ஆராய்கிறவர்கள் வரப்போகிறார்கள், அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது. கெல்வின் அங்கேயே நின்றான்.

"ஒரு வாளி மண்ணு வேணுமே, கெல்வின்."

"எதுக்கு?"

"வீட்டுத் தொட்டிக்கு."

"இந்த மண்ணா? இது விஷம் கண்ணு. வச்ச செடி செத்துடும். வாங்க, நான் நல்ல மண்ணாத் தரேன்." ஒரு மூட்டை நல்ல மண்ணைத் தோளில் தூக்கிவந்து அவள் காரில் ஏற்றிவிட்டான். அவள் அவனுக்கு நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு அந்த மூட்டையை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். கதவருகில் அதை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தவளை நான்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

தோண்டும் வாரத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. அவர்களுக்கு விளக்கம் சொல்ல டோரீனையே கயிற்றோரம் நிறுத்தினார்கள். அந்த இடத்தை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று இமோஜென் கவனித்து வைத்திருந்தாளாம், அதனால் அவளுக்குச் செய்த உபகாரம். கல்லூரிப் பெண் ஒருத்தி மூலையில் குழி எடுத்து, மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். வெளுத்த மண்ணும் பொடிப்பொடியாக வெள்ளைத் துகளும் வந்தன. தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"அடுப்புச் சாம்பல். சமீபத்துல கொட்டினது. நமக்கு வேண்டியது இன்னும் கீழ இருக்கு."

அந்தப் பெண் சல்லடையை மண்குவியல் மேல் தட்டிக் கவிழ்த்தாள். கயிற்றுக்கு வெளியே நின்ற ஒரு கிழவர், அது என்ன கிடைத்தது என்று டோரீனிடம் கேட்டார். "அடுப்புச் சாம்பலாம்" என்று அவள் சொன்னாள். நான் டீ டிரேயோடு இரண்டடி தள்ளி நின்றேன். டிரேயைத் தூக்கி அந்தக் குழிக்குள் எறியலாமா என்று எனக்கு இருந்தது. கீழே தோண்டித் தோண்டி அவர்கள் கண்டெடுத்தது அந்தக் காலத்தில் புகையிலை பிடித்த மண்குழாயின் உடைந்த துண்டு ஒன்று. அதைப் பஞ்சில் வைத்து எடுத்துப்போனார்கள்.

மண்குவியலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போகிறது என்று டோரீன் கேட்கவில்லை. நான் கேட்டேன். கெல்வினுக்கே தெரியாது. ஒப்பந்தக்காரன் எங்கெங்கோ பள்ளம் நிரப்பும் வேலை செய்கிறான், பல இடத்து மண்ணோடு கலந்து போட்டுவிடுவான் என்றான்.

புதுத் தோட்டம் கோடையில் திறந்தது. முழங்கால் உயரத்துக்குக் கட்டம் கட்டமாக வேலி, நடுவில் சரளைக்கல். படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. மத்தியானச் சாண்ட்விச்சை டோரீன் என் சமையலறையில் நின்றபடி சாப்பிட ஆரம்பித்தாள். கோபுரத்தடிக்கு யாராவது நிறுத்தினால் நிற்பாள், தானாகப் போகமாட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை, கடை சாத்தும் நேரம். இமோஜென் காபி வாங்க வந்தாள். டோரீன் எனக்கு ஒத்தாசையாக நாற்காலிகளைத் தூக்கி மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"டோரீன், நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வர முடியுமா? ஒரு குடும்பம் வருது. அவங்க அப்பாவோட அஸ்தியக் கோபுர மேட்டுப் புல்வெளில தூவணுமாம். கேட்டைத் திறந்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னா போதும். நீங்கன்னா பக்குவமா நடந்துக்குவீங்க."

டோரீன் கையில் நாற்காலியோடு நின்றுவிட்டாள். "அதுக்கு அனுமதி உண்டா?"

"உண்டே. ஒரு போன் பண்ணிக் கேட்டாப் போதும். திறக்கறதுக்கு முன்னாடி வரணும், பூச்செடிப் பக்கம் மட்டும் வேணாம், அதுல உப்பு ஜாஸ்தி. மத்தபடி இதுவரைக்கும் யாரையும் வேணாம்னு சொன்னதே இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"நான் கேக்கல" என்றாள் டோரீன். நாற்காலியை மேசை மேல் வைத்தாள். "வந்துடறேன், இமோஜென். ஒண்ணும் சிரமமில்ல."

மறுநாள் காலை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு தாய், இரண்டு வளர்ந்த பிள்ளைகள், எல்லாரும் நல்ல கோட்டு போட்டிருந்தார்கள். டோரீன் கேட்டைத் திறந்து அவர்களைக் கோபுர மேட்டுக்குக் கூட்டிப் போனாள், தள்ளி நின்றாள், கையை முன்னால் கோத்துக்கொண்டு. மகன் ஜாடியைத் திறந்து நடந்துகொண்டே தூவினான். திரும்பி வரும்போது அந்தத் தாய் டோரீனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். டோரீன் அவளைக் கட்டிக்கொண்டாள். நம்மவள் அப்படியெல்லாம் யாரையும் கட்டிக்கொள்கிறவள் அல்ல.

உள்ளே வந்து என் மாவுப்பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள். டீ வைத்தேன், குடிக்கவில்லை.

"என்ன சொன்னா அந்தம்மா?"

"'இங்க வந்தா அவரு இருக்காருன்னு தோணும், அது போதும்'னு சொன்னா." டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அந்தப் பொண்ணு அம்மாவத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. தடைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன் அவ்ரில். அது எங்க கொண்டுபோய் வச்சுதோ. என் புருஷனைக் குப்பை லாரில ஏத்தி அனுப்பிட்டு நின்னு கை தட்டினேன். ஒரு போன். ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லாம."

எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அப்போதும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனாலும் என்ன சொல்வது? நான் அன்றைக்கே சொன்னேனே என்றா? அவள் டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கி, கையில் கொடுத்துக் குடிக்க வைத்தேன். வீட்டுக்குப் போ என்றேன். வீட்டில் என்ன இருக்கிறது என்றாள்.

அன்று மத்தியானம் அவளைப் புதுத் தோட்டத்தில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு கோப்பை டீயும் ஒரு ஸ்கோனும் எடுத்துக்கொண்டு நான் போனபோது, மழைக்கோட்டு போட்ட ஒரு மனுஷரும் அவர் மனைவியும் வேலியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவர் நல்லவர்தான், அக்கறையாகத்தான் கேட்டார்.

"புதுசா இருக்கே. இதுக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன இருந்துச்சுங்க?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குறிப்பிடும்படி எதுவுமில்லை, பிற்காலத்து ரோஜாப் பாத்தி ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

"என் வீட்டுக்காரர் இருந்தார்" என்றாள் டோரீன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "அந்த மூலைல. பேரு க்ளிஃப். நான்தான் சாம்பலைக் கொண்டுவந்து வச்சேன், யாரையும் கேக்காம. கேட்டிருந்தா அந்த மேட்டுப் புல்வெளில இடம் குடுத்திருப்பாங்க. இப்ப எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது."

அந்த மனுஷரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. மனைவி சரளைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்தார், திருப்பினார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றார். "கழிப்பறை எந்தப் பக்கம்?"

டோரீன் கையை நீட்டிக் காட்டினாள். "லாயத்தைத் தாண்டி இடது பக்கம். வாசல்ல ஒரு படி இருக்கு, பாத்துப் போங்க."